யூஜினியா மைக்கைக் கொடுக்கவில்லை

காரைக்குடிக்கு வெளியே, மசாலாப் பொடிகள் அரைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் யூஜினியா. கோட்டையூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவாள். பள்ளிப் படிப்பு தமிழ் வழியில். பிறகு அரசுக் கல்லூரியில் வேதியியல் எம்.எஸ்சி. அங்கே புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நடத்தியவர்கள் தமிழில் நடத்தினார்கள். அதனால் ஆங்கிலம் அவள் கண்ணுக்கும் கைக்கும் பழகியிருந்தது, வாய்க்குப் பழகவில்லை.

எழுதச் சொன்னால் மளமளவென்று எழுதுவாள். இதைக் கண்டுகொண்ட மேனேஜர் சிதம்பரம், வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் காட்டவேண்டிய பிரசன்டேஷன்களையெல்லாம் அவள் தலையில் கட்டினார். அவளும் ஆசையாகத்தான் செய்தாள். முதல் பிரசன்டேஷனை முடித்துவிட்டு, அதைப் பேசப்போவதும் தான்தான் என்று நினைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"பிரமாதமா இருக்கும்மா," என்றார் சிதம்பரம். "பேசுறதைத் தேனம்மை பாத்துக்கிரட்டும். நீ பக்கத்துல உக்காந்து ஸ்லைடை மாத்து. கேமராவுல தெரியாம உக்காந்துக்க."

தேனம்மை முதலாளியின் மகள். அவரை அப்பச்சி என்று கூப்பிடுவாள். ஊட்டியில் படித்தவள். மலேசியாக்காரர்கள் திரையில் தெரிந்ததும் "குட் மார்னிங்" என்று அவள் ஆரம்பித்த விதத்திலேயே அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. கேள்வி வரும்போதெல்லாம் யூஜினியா பதிலைத் தாளில் எழுதி மேசைக்கு அடியில் நீட்டினாள். தேனம்மை அதைச் சிரித்த முகத்தோடு சொன்னாள். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் தேனம்மைக்குக் கை கொடுத்தார்கள்.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. பிறகு ஒருநாள் தேனம்மைக்குத் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் என்று பதவி கொடுத்தார்கள். அன்று மாலை தேனம்மை பரிசோதனைக் கூடத்துக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நான் இதைக் கேக்கல. அப்பச்சியாத்தான் குடுத்தாக."

"நீ கேக்கலைன்னு எனக்குத் தெரியும்," என்றாள் யூஜினியா. "வேணாம்னும் சொல்லலயே."

தேனம்மை கெட்டவள் இல்லை. அதுதான் யூஜினியாவை இன்னும் எரித்தது. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அவள் கணவன் டோனி எலக்ட்ரீசியன். சத்தத்தைக் கேட்டு அடுப்படிக்கு வந்தான்.

"விட்டுரு யூஜி. சம்பளம் வருதுல்ல?"

"சம்பளத்தையா நான் கேட்டேன்? என் வாயை எதுக்குப் பூட்டுறாகன்னு கேக்குறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். அங்கே பாடம் நடத்தியவர் கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர். யூஜினியாவை இரண்டு வாக்கியம் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, உடனே தீர்ப்புச் சொன்னார்.

"மேடம், உங்க பிரச்னை இங்கிலீஷ் இல்ல. கான்ஃபிடன்ஸ். தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு 'ஐ கேன், ஐ கேன்'னு சொல்லுங்க."

யூஜினியாவுக்குச் சுர்ரென்று வந்தது. "சார், கண்ணாடி என்னையப் பாத்துச் சிரிக்காது. ஆபீசுல சிரிக்கிறாக. அதுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க."

அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு அடுத்த ஆளைப் பேசச் சொன்னார். அடுத்த வாரம் அவள் போகவில்லை. தைரியம் இல்லாததால்தான் பேச்சு வரவில்லை என்று சொல்கிறவர்கள், பேசவே விடாதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று டோனியிடம் பொரிந்து தள்ளினாள்.

பிறகு தானாகவே ஆரம்பித்தாள். செல்போனில் தன் குரலைப் பதிவு செய்து பஸ்ஸில் கேட்டாள். கேட்கவே கூசியது, ஆனாலும் கேட்டாள். தன் வாய் எங்கே இடறுகிறது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. நீளமான வாக்கியத்தை ஆரம்பித்தால் பாதியில் காலம் மாறிப்போகிறது; நேற்று நடந்தது நாளைக்கு நடப்பதாக முடிகிறது. அதனால் வாக்கியங்களை வெட்டினாள். ஸ்லைடுகளையும் வெட்டினாள். தேனம்மை பார்த்துப் படிப்பதற்காக அவற்றில் பத்தி பத்தியாக எழுதி நிரப்பியது யூஜினியாதான். தனக்கென்று செய்தபோது ஒரு படம், ஒரு எண், அவ்வளவுதான் வைத்தாள். மீதி வாயில் இருக்கவேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு டோனியை உட்காரவைத்துப் பேசிக்காட்டுவாள்.

"எனக்கு ஒண்ணுமே வெளங்கலயே," என்பான் அவன்.

"வெளங்க வேணாம். எங்க திணறுறேன்னு மட்டும் சொல்லுங்க."

அவன் சரியாகச் சொன்னான். ஸ்லைடு மாறும் இடங்களில்தான் திணறுகிறாளாம். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

அந்த மழைக்காலத்தில் மிளகாய்ப் பொடி ஒரு கண்டெய்னர் முழுக்கப் பூசணம் பிடித்துத் திரும்பி வந்தது. அனுப்புவதற்கு முன்பே ஈரம் அதிகம் என்று யூஜினியா சொல்லியிருந்தாள். அந்த மாதப் பிரசன்டேஷனில் அதற்கென்று ஒரு ஸ்லைடே போட்டிருந்தாள். சிதம்பரம் அதை எடுத்துவிட்டார். "நெகட்டிவா எதுக்கும்மா?" என்றார்.

இப்போது வியாபாரிகள் கோபத்தோடு நேரிலேயே வந்தார்கள். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஏழெட்டுப் பேர். அவர்கள் முன்னால் நின்று பேச யாருக்கும் மனம் வரவில்லை. தேனம்மைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்துவிட்டது. சிதம்பரம் யூஜினியாவைக் கூப்பிட்டார்.

"இது உன் டிபார்ட்மென்ட் விசயம். நீயே பேசிரு. உனக்கும் ஒரு சான்ஸ்."

பாராட்டு வாங்க ஒருத்தி, திட்டு வாங்க ஒருத்தி. யூஜினியா "சரி சார்" என்று மட்டும் சொன்னாள். அவர் எடுத்துப்போட்ட ஸ்லைடை அன்றைக்கே திரும்பச் சேர்த்தாள்.

மாடி ஹாலில் மைக்கைப் பிடித்தாள். முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவதும் வந்தது. எங்கே காயவைத்தார்கள், எத்தனை நாள் மழை, ஈரம் எவ்வளவு ஏறியது என்று படங்களைக் காட்டிச் சொன்னாள். 'வாட்டர்' என்பதும் 'வெதர்' என்பதும் அவள் வாயில் ஒரு மாதிரி கோணலாகத்தான் வந்தன. பின்வரிசையில் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் குனிந்து சிரித்தார்கள். அவள் பார்த்தாள். நிறுத்தவில்லை.

அந்த ஸ்லைடு திரையில் விழுந்தது. சரக்கு கிளம்புவதற்கு முன் எடுத்த பரிசோதனை. முன்வரிசையில் இருந்த சிதம்பரத்தின் முகம் மாறியது. யூஜினியா ஒரு வார்த்தைக்காக ஒரு நொடி தயங்கினாள். அவ்வளவுதான், அவர் எழுந்து, சிரித்துக்கொண்டே மைக்குக்குக் கை நீட்டினார். அவள் ஆங்கிலம் கொஞ்சம் சுமார்தான், மன்னிக்கவேண்டும், மீதியை நானே விளக்குகிறேன் என்று வந்தவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

யூஜினியா மைக்கை மார்போடு சேர்த்துப் பிடித்தாள்.

"சிட் டவுன், சார். ஐ ஆம் ஸ்பீக்கிங்."

மனப்பாடம் செய்யாத வாக்கியம் அது. சிதம்பரம் நின்றார், பிறகு உட்கார்ந்தார். தயங்கிய இடத்திலிருந்து அவள் தொடர்ந்தாள். பரிசோதனை எச்சரித்தது, கம்பெனி கேட்கவில்லை, இனி அவள் கையெழுத்து இல்லாமல் சரக்கு கிளம்பக்கூடாது என்று மூன்று சின்ன வாக்கியங்களில் சொன்னாள். கேள்விகள் வந்தன. சிலதற்குத் தட்டுத் தடுமாறிப் பதில் சொன்னாள். ஒன்றுக்குத் தெரியாது என்றே சொன்னாள். ஒரு மலேசியாக்காரர் அன்றே கணக்கை முடித்துக்கொண்டு போனார். மற்றவர்கள் இருந்தார்கள். இனி இந்தப் பெண்ணிடமே பேசுகிறோம் என்று போகும்போது சொன்னார்கள்.

மறுநாள் சிதம்பரம் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினார்.

"அத்தனை பேர் முன்னாடி என்னைய உக்காரச் சொல்லிப்புட்ட. மன்னிப்புக் கேளு."

"அத்தனை பேர் முன்னாடி என் இங்கிலீசு சுமார்னு சொன்னீகளே சார், அதுக்கு யார் மன்னிப்புக் கேக்குறது?"

"அது உண்மைதானம்மா?"

"நான் சொல்ல வந்ததும் உண்மைதான். அதுக்குத்தான் நீங்க எந்திரிச்சீக."

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலையிலிருந்து எடுக்கவும் அவர்களால் முடியவில்லை. வியாபாரிகள் அவளைத்தான் கேட்டார்கள். கடைசியில் முதலாளி, தேனம்மைக்கு உதவியாளர் என்று ஒரு பதவி கொடுக்க முன்வந்தார். யூஜினியா அந்தக் கடிதத்தைப் படித்த கையோடு புதுக்கோட்டைப் பக்கம் உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டாள். நேர்காணல் ஆங்கிலத்தில் நடந்தது. வேலை கிடைத்தது.

பிரிவு உபசாரத்தில் கேக் வைத்திருந்தார்கள். சிதம்பரம்தான் பேசினார். தயங்கித் தயங்கி நின்ற பெண்ணுக்குத் தைரியம் கொடுத்து, மேடையேற்றி, ஆங்கிலம் பேசவைத்தது இந்தக் கம்பெனி என்று பெருமையாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அப்படியெல்லாம் நீங்க எதுவும் குடுக்கல சார்," என்றாள் யூஜினியா, எல்லோர் காதிலும் விழும்படி, நல்ல தமிழில். "நான் வாரேன்." தேனம்மை மட்டும் கேட் வரைக்கும் கூட வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யூஜினியா நிற்கவில்லை.

இப்போது வாரத்துக்கு ஒரு பிரசன்டேஷன் கொடுக்கிறாள். வாட்டரும் வெதரும் இன்னும் முழுசாகத் திருந்தவில்லை. புது ஆபீசில் யாரோ, "மேடம், உங்க இங்கிலீஷ் நல்லா இம்ப்ரூவ் ஆயிருக்கு" என்று பாராட்டினார்களாம். அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நல்லதைத்தானே சொன்னார்கள் என்று டோனி கேட்டான்.

"ஈரம் பத்தி அரை மணி நேரம் பேசிட்டு வந்திருக்கேன்," என்றாள் அவள். "ஒருத்தர்கூட அதைப் பத்திக் கேக்கலங்க."