அக்கா போர்த்திக்கொள்ளாத போர்வை

அக்காவின் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லி அண்ணன் கேட்டு ஒரு மாதமாகிறது. உடம்பு அலுப்பு தீர்ந்தாலும் மன அலுப்பு தீரவில்லை. கடைசிவரை அக்காவின் அருகில் இருந்த தங்கை என்பதால் எழுதுகிறேன்.

அக்கா பல்லடத்தில் பிறந்து பீளமேட்டில் வாழ்க்கைப்பட்டார். பிள்ளைகள் இல்லை. அவர் கணவர், எங்கள் மாமா, வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தபோது திருப்பூரிலிருந்து பனியன் வெட்டுத்துணிகளை மூட்டையாகக் கொண்டுவந்தார். அவற்றோடு மில் துணியையும் கலந்து அக்கா முதல் ஒட்டுப்போர்வையைத் தைத்தார். பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும், மில் துணி வராது. ஒருமுறை துவைத்ததும் போர்வை சுருண்டு பொரித்த அப்பளமாகிவிட்டது.

"ஏம்புள்ள, இது போத்தறதுக்கா, சோத்துக்குத் தொட்டுக்கறதுக்கா?" என்றார் மாமா. அக்காவும் சேர்ந்துதான் சிரித்தார்.

பிறகு கை தேர்ந்தது. தைக்கப் பழக வந்த தெருப் பெண்கள், "மிஷின் வாங்கோணுங்களா அக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

"மிஷின் அப்பறம் பாத்துக்கலாமுங்க அம்மணி. நல்ல கத்தரி, சன்ன ஊசி, நூல்கண்டு, குண்டூசி, இஞ்சு டேப்பு போதும். கல்யாணப் பத்திரிகை அட்டைல ஒரு சதுரம் வெட்டி வெச்சுக்கங்க, அதான் அளவு. துணியத் தொவச்சுக் காயப்போட்டு வெட்டுங்க. பனியன் துணியக் கலந்துபோடாதீங்க, நான் பட்டது போதும்" என்பார். அட்டை வெட்டத் தனிக் கத்தரி உண்டு. துணிக் கத்தரியால் யாராவது காகிதம் வெட்டினால், அன்று முழுக்க அந்தப் பொறுமைசாலி முகம் கொடுக்க மாட்டார்.

மாமா காலமான பின், எங்கள் அம்மாவின் சுங்குடிச் சேலைகளை வெட்டி எனக்கென்று ஒரு போர்வை தைக்கத் தொடங்கினார். நோயில் விழுந்த பிறகும் படுக்கையிலேயே தைத்து முடித்தார். மார்கழிக் குளிரில் நடுங்கியவருக்கு அதையே போர்த்தப் போனேன். கையால் தள்ளினார்.

"வேண்டாங் கண்ணு. நான் போத்திக்கிட்டா, நாளைக்குப் பாயோட சேத்து இதையும் வீசிப்போடுவாங்க. கடைல வாங்குனது இருக்குதல்ல, அதப் போத்து."

இறந்தவரின் படுக்கையை வீட்டில் வைக்காதது நம் வழக்கம். அது தெரிந்துதான் சொன்னார். கடைப் போர்வைக்கு அந்தக் குளிர் அடங்கவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். தூங்கும்போது அதைப் போர்த்தப் போனாலும் விழித்து, விரலால் தையலைத் தடவிப் பார்த்துத் தள்ளிவிடுவார். நான் ஓய்ந்துபோனேன்.

வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸம்மாவுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், நேரம் பார்க்காமல் ஆட்டோ ஓட்டிவந்த தம்பிக்கும், தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் கைகூப்புகிறேன்.

அக்காவை எடுத்துச் சென்ற பின் பாயையும் தலையணையையும் அள்ளிய பெரியம்மா, அலமாரியிலிருந்த அந்தப் போர்வையைத் தொட்டு, "இது அவ போத்துனதா அம்மணி?" என்று கேட்டார்.

"இல்லீங்க பெரியம்மா" என்றேன்.

அந்தப் பதிலை நான் பொய்யில்லாமல் சொல்வதற்காகத்தான் அக்கா குளிரில் கிடந்தார். இதோ, அடுத்த மார்கழி வந்துவிட்டது. நான் போர்த்திக்கொண்டு படுக்கிறேன். கதகதப்பாகத்தான் இருக்கிறது. தூக்கம்தான் வரவில்லை.