புழு தொடாத உரம்

ஊரில் அவளுக்குப் புழுக்காரி என்று பெயர். வைத்தது சொந்த நாத்தனார்தான். இவள் தண்ணீர் கொடுத்தால்கூட, "கையக் கழுவினியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள்.

அருவருப்பு புழுக்காரிக்கும் இருந்தது. ஆனால் பத்து வருடம் ரசாயன உரத்தைக் கொட்டிய இரண்டு ஏக்கர், மண்வெட்டி பட்டால் ணங்கென்று ஒலிக்கும் அளவுக்கு இறுகியிருந்தது. சந்தையில் அழுகிய காய்கறிகளை அள்ளிவந்து, சாணியோடு மக்கவைத்து, மண்புழு வளர்த்தாள். முதல் மாதம் சோறு தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாம் வருடம் மக்காச்சோளம் ஒன்றரை மடங்கு விளைந்தது. தண்ணீரும் பாதிதான் பிடித்தது.

மூக்கைப் பொத்தியவர்களெல்லாம் உழவர் குழு தொடங்கி, இயற்கை உரம் விற்கக் கிளம்பினார்கள். நாத்தனாரின் கணவர் தலைவர். மூட்டையின் மேல் புழுக்காரி சிரிக்கும் படம்.

ஒருநாள் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி மூட்டையோடு வந்து நின்றாள். "உன் மூஞ்சிய நம்பித்தான் வாங்கினேன் அக்கா. நாத்தெல்லாம் கருகிப்போச்சு."

புழுக்காரி மூட்டைக்குள் கையை விட்டாள். பிசுபிசுவென்று கறுப்புச் சேறு. சாக்கடையும் சாயமும் கலந்த நாற்றம். விரலில் ஒரு கற்றை தலைமுடி சுற்றிக்கொண்டு வந்தது. ஒரு தட்டில் அதைப் பரப்பிப் புழுக்களை விட்டாள். ஏற முடிந்தவை விளிம்பேறி வெளியே விழுந்தன. மற்றவை சாயங்காலத்துக்குள் ஊதிச் செத்தன.

நேரே குழுவின் கிடங்குக்குப் போனாள். சாயப்பட்டறைக் கழிவை லாரி கொட்டிக்கொண்டிருந்தது. தலைவர் கொஞ்சமும் கூசவில்லை.

"ஆயிரம் மூட்டை கேக்கிறாங்கம்மா. உன் புழு என்னைக்குத் தின்னு முடிக்கிறது? கறுப்பா இருந்தா உரம்னு வாங்கிட்டுப் போறான்."

"இதுல ஒரு பிடி உங்க வயல்ல போடுவீங்களா அண்ணே?"

"என் வயலுக்கு எதுக்கு? இது விக்கிறதுக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "படம் உன்னோடது. கேஸ்னு வந்தா முதல்ல உன்னைத்தான் தேடுவாங்க."

எத்தனையோ அழுகலில் கைவைத்தவள். இந்தப் பேச்சுக்குத்தான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வாந்தியெடுத்தாள்.

அடுத்த குழுக் கூட்டத்தில், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே அந்த மூட்டையைக் கவிழ்த்தாள். எல்லோரும் மூக்கைப் பிடித்தபடி எழுந்தார்கள்.

"விக்கிறப்ப நாறலையா?" என்றாள். "இனிமே இதுல என் படம் வேண்டாம். யார் மூஞ்சியப் போடப் போறீங்க?"

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் வேளாண் அலுவலகத்தில் அவளே புகார் எழுதிக் கொடுத்தாள். கிடங்குக்குச் சீல் வைத்தார்கள். படத்துக்காக அவளும் ஒரு வருடம் விசாரணைக்கு அலைந்தாள். "குடும்பத்தக் கெடுத்தவ" என்று உறவு மொத்தமும் ஒதுக்கியது. போகட்டும், அந்த வீட்டுச் சோறு இனித் தனக்குச் செரிக்காது என்றாள்.

பக்கத்து ஊர்க்காரியின் கருகிய வயலில் மேல்மண்ணை இரண்டு பெண்களும் வாரம் முழுக்கச் சுரண்டி எடுத்து, புழுக்காரியின் உரத்தைப் பரப்பினார்கள். அடுத்த பட்டத்தில் பாதி வயல்தான் முளைத்தது. மீதிப் பாதியில் இன்னும் அந்த நாற்றம் போகவில்லை.