வெனிஸில் நான் அழுத படம்

அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலை பார்த்த காலத்தில் பாதி வகுப்புகளைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். மீதியில் பிள்ளைகளுக்குக் குடமும் கொடியும் வரையச் சொல்லிக் கொடுத்தேன். ஆனாலும் ஓவியம் பற்றிப் பேச நம் ஊரில் நான்தான் என்றொரு நினைப்பு எனக்கு இருந்தது. திருவண்ணாமலையில் அந்த விஷயத்தில் போட்டி கம்மி என்பதால் அது கலையாமலே இருந்தது.

மகனுக்கு இத்தாலியில், வெனிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் வேலை. என்னையும் என் கணவரையும் வந்து கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகச் சொன்னான். வேங்கிக்காலில் எங்கள் தெருவில் இதை அறியாதவர் ஒருவரும் இருக்கக் கூடாது என்று நானே வீடு வீடாகப் பார்த்துக்கொண்டேன். “புள்ளையப் பாக்கப் போறீங்களா டீச்சர்?” என்று யாராவது கேட்டால், “புள்ளையையும் பாப்பேன். முக்கியமா அங்க சர்ச்சுங்கள்ல இருக்கிற பெயிண்டிங்கைப் பாக்கப் போறேன்” என்பேன். பால்காரரிடமும் சொன்னேன். என்றைக்கிலிருந்து பால் வேண்டாம் என்று மட்டும் அவர் கேட்டார்.

என் கணவருக்கு அடி அண்ணாமலையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் ஜூஸ் கடையும் போடுவார். ஒரு பௌர்ணமி வியாபாரம் போகிறதே என்பதுதான் அவர் கவலை.

“அங்க அப்படி இன்னாதான் இருக்கு?”

“தெருவெல்லாம் தண்ணிங்க. படகுலதான் போவணும்.”

“நம்ம ஏரி ஒடஞ்சா இங்கயும் அப்படித்தான்” என்றார்.

போவதற்கு முன்பு பல மாதங்கள் செல்போனில் அந்த நகரத்து ஓவியங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒரு படத்தின் மேல் எனக்குத் தனிப் பைத்தியம். இயேசு முழங்காலிட்டுச் சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். வயதான சீடர் ஒருவர் கூச்சத்தில் தன் காலைப் பின்னுக்கு இழுக்கிறார். கால்மாட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதை நேரில் பார்க்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

நாங்கள் போனது கடுங்குளிர்க் காலம். என் கணவர் குரங்குக் குல்லாயைக் கழற்றவே இல்லை. முதல் நாள் முதல் சர்ச் வாசலிலேயே நான் ஷூவைக் கழற்றிவிட்டேன். சாமி இருக்கிற இடத்துக்குள் செருப்போடு போக உடம்பு கேட்கவில்லை. மகன் தடுத்தான். “கோயிலுக்குள்ள செருப்போட போனா உனக்குத்தான் பாவம்” என்று அவனையே அதட்டிவிட்டு உள்ளே போனேன். பளிங்குத் தரை ஐஸ் மாதிரி இருந்தது. வழுவழுவென்ற அழகான தூண்கள், பொன் பூசிய கூரை, மெழுகுவர்த்திகள் எல்லாவற்றையும் நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுதான் பார்த்தேன். அங்கே வந்திருந்த வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று, நான் ஆடுகிறேன் என்று நினைத்துத் தானும் ஆடியது. இரண்டாவது சர்ச்சுக்குள் ஷூவோடு போனேன். பாவம் என்ற பேச்சை எங்களில் யாரும் எடுக்கவில்லை.

என் படம் இருந்த சர்ச்சுக்கு மூன்றாம் நாள் போனோம். வாசலில் மகன் எதையோ படித்துக்கொண்டு நின்றான். எனக்குப் பொறுமை இல்லை. நேராக உள்ளே போனேன். பக்கவாட்டுச் சுவரில், மங்கிய வெளிச்சத்தில், சுவர் அளவுக்கு அது இருந்தது.

யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. குரு கீழே உட்கார்ந்திருக்கிறார், சீடன் மேலே உட்கார்ந்திருக்கிறான். செல்போனில் விரல் நகம் அளவுக்கு இருந்த அந்தக் கிழவரின் முகம் இங்கே என் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. கூச்சமும் பயமும் பாசமும் எல்லாம் அதில் தெரிந்தன. வெளிப்படையாகவே அழுதேன். முந்தானையால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அங்கே காவலுக்கு இருந்த ஒரு வயதான அம்மாள் எழுந்து வந்து, காகிதக் கைக்குட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் அந்தத் தொட்டியில் இருந்த தண்ணீர் அசைந்தது. நான் கணவரின் கையைப் பிடித்தேன்.

“ஏங்க, தண்ணி அசையுதுங்க.”

அவர் குல்லாயைச் சற்றுத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “தண்ணி மட்டுமா அசையுது? ஆளுங்களும் சேந்துதான் அசையுறாங்க” என்றார்.

கதவு திறந்து காற்று வந்திருக்கிறது. படம் முழுக்க ஒரு முறை உப்பி அடங்கியது. மகன் என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னான்.

“அம்மா, வெளிய போர்டு போட்டிருந்தாங்க. நீதான் நிக்காம வந்துட்ட. ஒரிஜினலைக் கழட்டி சுத்தம் பண்றாங்களாம். இது ஃப்ளெக்ஸ்.”

காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே போட்டோவைப் போட்டு ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊர்க்காரி நான். ஊரில் அத்தனை ஃப்ளெக்ஸ் பார்த்தும் கண் கலங்காதவள், கடல் தாண்டிப் போய் ஒரு ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று மூக்கைச் சிந்தியிருக்கிறேன். ஓரத்தில் கயிறு கோத்த ஓட்டைகள்கூடத் தெரிந்தன. ஓவிய ஆசிரியையின் கண்ணுக்கு மட்டும் அவை தெரியாமல் போய்விட்டன. என் கணவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு குல்லாய்க்குள்ளிருந்து தெரிந்தது.

எனக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் கைக்குட்டை கொடுத்த அம்மாள் மகனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பின்கட்டு அறையில்தான் அசல் படத்தைச் சுத்தம் செய்கிறார்களாம். வாரத்தில் ஒரு நாள் பார்க்க விடுவார்களாம். இந்த அம்மா அவ்வளவு அழுதாரே, அவசியம் கூட்டிவாருங்கள் என்றாராம்.

அந்த நாளில் போனோம். நீள மேசைமேல் படத்தைப் படுக்க வைத்திருந்தார்கள். ஓர் இளம்பெண் குனிந்து, பஞ்சு சுற்றிய குச்சியால் அதன் அழுக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பழைய வார்னிஷ் ஏறி, படம் முக்கால்வாசி கருகிய தோசை நிறத்தில் இருந்தது. மகன் என் முகத்தையே பார்த்தான். என் கணவரும் பார்த்தார். நான் உண்மையாகவே முயன்றேன். ஒரு சொட்டு வரவில்லை.

“அழல?” என்றார் அவர்.

“சும்மா இருங்க.”

எனக்கு மூச்சு முட்டும் அளவுக்கு ஆசைதான் வந்தது. அந்தப் பெண் சுத்தம் செய்து முடித்திருந்த ஒரே இடம் அந்தக் கிழவரின் குதிகால். அங்கே மட்டும் நிறம் பளிச்சென்று இருந்தது. வெடிப்புகள், வெடிப்புக்குள் மண், ஓரத்தில் காய்ப்பு. என்னதான் பூசினால் இப்படி வரும் என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு அவள் கயிற்றை விலக்கி உள்ளே கூப்பிட்டாள். மேசை மட்டத்துக்கு முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மெல்லிய நீலக் கோடு இருந்தது. தோலுக்கு நீலம் போடலாம் என்று நான் ஒரு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. நீலம் போட்ட ஒருத்திக்கு மார்க் குறைத்திருக்கிறேன்.

எழுந்திருக்கப் பார்த்தால் முட்டி பிடித்துக்கொண்டது. ஒரு கையை அந்தப் பெண்ணும் இன்னொரு கையை என் கணவரும் பிடித்துத் தூக்கினார்கள். தனக்கும் தினமும் சாயங்காலம் இடுப்பு இப்படித்தான் ஆகிறது என்று அவள் சொன்னதாக மகன் தமிழில் சொன்னான்.

ஊருக்கு வந்ததும் தெருவில் எல்லாரும் கேட்டார்கள். ஃப்ளெக்ஸ் கதையை மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் பௌர்ணமி வந்துவிட, அவர் ஜூஸ் கடையில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்திருந்தார்.

ஒரு மத்தியானம் நிலத்திலிருந்து வந்தவரை, காலைக் கழுவாமல் வரச் சொல்லி நாற்காலியில் உட்கார வைத்தேன். முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் டிவி பார்த்தார். நான் கீழே உட்கார்ந்து வரைந்தேன். நீலமும் போட்டேன். முதல் தாளில் வந்தது உருளைக்கிழங்கு. இரண்டாவதில் அதே கிழங்கு அழுகியிருந்தது. மூன்றாவதில் குதிகால் குதிகாலாக வந்தது. அவர் குனிந்து வாங்கிப் பார்த்தார்.

“இது என் காலா?”

“ஆமாங்க.”

தாளைக் காலுக்குப் பக்கத்தில் பிடித்து, வெடிப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகு, வீட்டில் வாஸ்லின் இருக்கிறதா என்று கேட்டார்.