எட்டு கிளவுஸும் ஒரு யூனிஃபார்மும்

ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு வருகிறவர்களின் கார்களைக் கழுவுவது என் வேலை. அதற்கென்று ஒரு கிளவுஸ் உண்டு. விரல் இருக்காது, கை நுழைகிற பை மாதிரி, மேலெல்லாம் புசுபுசுவென்று நூல் தொங்கும். அதற்குள் ஒரு மணல் துகள் ஒளிந்திருந்தால் போதும், காரில் கோடு விழுந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் மூன்று தண்ணீரில் அலசி, நூலுக்குள் விரல் விட்டுத் துழாவி, முறுக்காமல் அமுக்கிப் பிழிய வேண்டும். என் மகளுக்குக்கூட நான் இவ்வளவு பொறுமையாகத் தலை துவட்டியதில்லை.

காயப்போடுவது மட்டும் என் வீட்டில். விடுதியில் கொடி கட்டினால் வியூ கெட்டுவிடுமாம். பனிமூட்டம் பார்க்க வந்தவர்கள் கண்ணில் ஈரத்துணி படக்கூடாது. அந்தப் பனிமூட்டத்தில் துணி எப்படிக் காயும் என்பது எங்கள் தலைவலி. தினமும் எட்டு கிளவுஸையும் வாளியில் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் செம்மநத்தத்துக்கு வருவேன். மறுநாள் மதியம் வேலைக்குப் போவதற்குள் அவை காய்ந்தாக வேண்டும்.

மழை மாதங்களில் எங்கள் வீட்டுக்கு வெயில் வருவதே அபூர்வம். வந்தாலும் சில்வர் ஓக் மரங்கள் வழிவிட்ட இடத்தில், கொடியில் நாலு முழத்துக்கு, காலையில் இரண்டு மணி நேரம். ஒருமுறை வெயில் இல்லையென்று கிளவுஸை விறகடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். காரில் புகை நாறுவதாக ஒருவர் சத்தம் போட்டார்.

"இன்னொருக்கா அடுப்பு வாசம் வந்துச்சுன்னா நீங்க வேலைக்கு வர வேண்டாமுங்க" என்றார் மேனேஜர். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அன்றிலிருந்து வெயில் கிளவுஸுக்கு, அடுப்பு மகளின் யூனிஃபார்முக்கு. அப்போது அவள் எட்டாம் வகுப்பு. வகுப்பில் அவளுக்குப் 'புகை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை என் மனைவி சொன்னபோது, "பேருதானே, ஒட்டிக்கவா போகுது" என்று சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்த வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆண்டு விழாவில் வரவேற்புரை பேச அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒத்திகையில் டீச்சர் மூக்கைச் சுளித்திருக்கிறார். திங்கட்கிழமை விழா. அன்றும் புகை நாற்றம் அடித்தால் வேறு பெண் பேசுவாள் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

ஞாயிறு காலை வெயில் வந்தது. நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது கொடியில் அவளுடைய யூனிஃபார்ம் கிடந்தது. கிளவுஸ் எட்டும் வாளிக்குள். அவள் கொடிக்குக் கீழே காவல்காரி மாதிரி நின்றிருந்தாள்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டுமுங்க."

"கிளவுஸு காயலைன்னா சோறு இல்ல கண்ணு."

"ஏனுங்க, புள்ள மேடையில பேசோணும்னு நிக்குது. உடுங்க" என்றாள் மனைவி.

நான் விடவில்லை. யூனிஃபார்மை உருவி மனைவியின் தோளில் போட்டுவிட்டு, கிளவுஸை ஒவ்வொன்றாக உதறிக் கிளிப் மாட்டினேன். மகள் அழவில்லை. கடைசிக் கிளிப் மாட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு கிளவுஸை எடுத்துவிட்டு இடம் கொடுத்திருக்கலாம். மீதி நாலை வைத்து அன்றைய வேலையைச் சமாளித்திருக்கலாம். அது எனக்கு அன்று தோன்றவே இல்லை.

மறுநாள் வரவேற்புரையை வேறு பெண் பேசினாள்.

அடுத்த வருஷமே விடுதியில் துணி உலர்த்தும் மெஷின் வாங்கிவிட்டார்கள். கிளவுஸ் என் வீட்டுக்கு வருவது நின்றது. அதை ஒரு வருஷம் முன்னாலேயே வாங்கியிருக்கலாமே என்று யாரிடம் போய்க் கேட்பது?

மகள் இப்போது சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். மாதம் ஒருமுறை வருவாள். என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்றெல்லாம் கேட்பாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். எங்கள் வீட்டில் கல் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் வந்தவள், கிளம்புகிற அன்று காலை தன் துணியைத் துவைத்தாள். கோடை மாதம், நல்ல வெயில். பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவள் துணியைப் பிழிந்து பிளாஸ்டிக் கவரில் சுருட்டினாள்.

"கொடியில போடு சாமி, காஞ்சிரும்" என்றேன்.

"இருக்கட்டுமுங்கப்பா. ஹாஸ்டல்ல போட்டுக்கறேன்."

ஈரத்துணியோடு பஸ் ஏறினாள். நான் வீட்டுக்குத் திரும்பியபோது, கொடியில் நாலு முழத்துக்கும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.