பயத்தில் இளைத்த இடுப்பு

ஆள் இளைப்பதும் பெருப்பதும் டாக்டருக்கு முன்னே தையற்காரனுக்குத்தான் தெரியவரும். ஊசி பிடித்த சகோதரர்களே, அதற்கு வசவு கேட்பதும் நாம்தான்.

துணியின் குற்றம்

தேயிலை விலை விழுந்த வருஷம். கண்டியில் ஒரு தேயிலைக் கம்பெனிக் கந்தோரில் கிளாக்கராக இருந்த முத்தையா, நான் தைத்துக் கொடுத்த களிசானை இரண்டே மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். இடுப்பில் நிற்காமல் கால்வழியே நழுவுகிறதாம். அளந்து பார்த்தேன், ஆளே இரண்டரை அங்குலம் குறைந்திருந்தார். கந்தோரில் மாதம் ஒருவருக்குச் சீட்டுக் கிழிகிறது என்று அவரே பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஆனால் இளைத்துவிட்டீர்களே என்றதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்பார்கள்; என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"எனக்கு ஒண்ணுமில்ல நானா. இந்த மழை ஈரத்துல துணிதான் நீண்டு போச்சு."

சோறு போகும் இடம்

அடுத்த தடவை மனைவியோடு வந்தார். மறுபடியும் களிசானின் இடுப்பைச் சுருக்கிப் பிடிக்க வேண்டும். சீப்பில் முடி கொத்தாக வருகிறதாம். வாசலில் சைக்கிள் மணி கேட்டால், தன் சீட்டுத்தான் வந்துவிட்டதோ என்று வியர்த்துப் போகிறதாம். டாக்டர் நாக்கைப் பார்த்து, வயிற்றை அமுக்கி, நோய் ஒன்றுமில்லை என்று டானிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அந்த அம்மாளுக்கு அதில் திருப்தியில்லை.

"மூணு வேளையும் நான்தானே போடுறேன் நானா. சோறு உள்ள போகுது, உடம்புல ஒட்டமாட்டேங்குது."

கோட்டுக்குள் பஞ்சு

திங்கட்கிழமை வந்து பார்க்கும்படி கந்தோர்த் துரை முத்தையாவைக் கூப்பிட்டிருந்தார். நோயாளிகளைத்தான் முதலில் வேலையிலிருந்து நிறுத்துவார்கள் என்று கந்தோரில் பேச்சு. தோளிலும் நெஞ்சிலும் பஞ்சு வைத்துக் கோட்டைத் தைத்துத் தரச் சொன்னார் முத்தையா. எனக்கு அந்த மாதிரி வேலை பிடிக்காது. ஆனால் குண்டூசி குத்தும்போது என் விரலடியில் அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது; பாவமாக இருந்தது. மறுக்கவில்லை.

"ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்க நானா. திங்கக்கிழமை ஒரு நாளைக்கு நான் சொகமான மனுஷனாத் தெரிஞ்சாப் போதும்."

பொத்தான் எட்டவில்லை

அந்தத் திங்கட்கிழமை சொகமான மனுஷனாகவே தெரிந்தார், ஆனாலும் வேலை போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் உப்பியிருந்தது. களிசானில் பொத்தான் எட்டவில்லை. தெல்தெனியவில் மச்சான் கடையில் சாமான் நிறுக்கிறாராம். தையலுக்குள் மிச்சத் துணி விட்டிருந்தேன். பிரித்துவிட்டுக்கொண்டே, எந்த டாக்டர் என்று கேட்டேன்.

"டாக்டரா? வேலை போன அன்னைக்கே நல்லாத் தூங்கிட்டேன் நானா. இனிப் போறதுக்கு என்ன இருக்கு?"

அந்த வாரமே, அதே கந்தோரில் வேலை தப்பிய கிளாக்கர்மார் மூன்று பேர் இடுப்பைப் பிடித்துத் தரச் சொல்லிக் களிசான்களோடு வந்து நின்றார்கள்.