எழில்மொழி எனக்குக் கொடுக்காத வார்த்தை

ஒருவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டுமென்றால் அவர் செத்திருக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். எழில்மொழி சாகவில்லை. இன்றைக்கும் காலை எட்டேகாலுக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள். அவளைப் பற்றி எழுத உனக்கு என்னடி யோக்கியதை என்று என்னைக் கேட்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவள் கேட்க மாட்டாள். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

அவள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டுப் பெண். அப்பா அசோகன் கூட்ஸ் யார்டில் மூட்டை இறக்குகிறவர். நான் மலிகா, அதே வியாசர்பாடியில் இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு. தண்டையார்பேட்டையில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் இரண்டு பேரும் செக்கிங் செக்‌ஷன். தைத்து வரும் சட்டையைப் புரட்டிப் புரட்டிக் குறை கண்டுபிடிப்பது வேலை. இரண்டு பேரும் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தோம். பாஸானதோடு எனக்குப் படிப்பு முடிந்தது. அவளுக்கு அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

ஆரம்பித்த கதையைச் சொல்கிறேன். தொண்ணூற்றெட்டில் மவுண்ட் ரோடு பக்கம் ஓர் அலுவலகத்துக்கு இன்டர்வியூ போனாள். சுவரில் மாட்டியிருந்த குதிரைப் படத்தைக் காட்டி எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டார்கள். ‘நைஸ் சார்’ என்றாள். உன் ஊர் எப்படி என்றார்கள். அதற்கும் நைஸ். உன் அப்பா எப்படிப்பட்ட மனிதர் என்றார்கள். ‘நைஸ் மேன் சார்.’ உட்கார்ந்திருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களாம். மறுநாள் சட்டைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் அழுதாள். வேலை கிடைக்கவில்லை என்பதற்காக இல்லை.

“எங்க நைனாவப் பத்திக் கேட்டாங்க மே. அவுருகிட்ட எவ்ளோ கீது. எனுக்கு நைஸ்னு ஒண்ணுதான் வந்துச்சி.”

அந்த வாரமே மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த ஒரு தடி அகராதி வாங்கினாள். அதில் ‘டேபிள்’, ‘சேர்’ எல்லாம் அவளுக்கு வேண்டாம். மனுஷன் எப்படி யோசிக்கிறான், எப்படிப்பட்ட குணம், ஒரு படத்தைப் பார்த்தால் என்ன சொல்வது, இந்த மூன்றுக்கும் உள்ள வார்த்தைகள்தான் வேண்டும். தினமும் காலையில் அசோகன் காலண்டரில் தேதி கிழித்து அவள் கையில் கொடுப்பார். பின்பக்கம் ஒரு வார்த்தை எழுதிக்கொள்வாள். ராத்திரி அந்தத் தாளை ரேஷன் கடையில் பில் குத்துவது போல ஒரு கம்பியில் குத்தி வைப்பாள். நான்கு வருஷத்தில் மூன்று கம்பி நிறைந்தது.

படித்த இடம் எது தெரியுமா? ரயில்வே கேட். கூட்ஸ் வண்டி வந்து நின்றால் கேட்டு திறக்க அரை மணியும் ஆகும், ஒரு மணியும் ஆகும். இந்தப் பக்கம் சைக்கிள், ஆட்டோ, மீன்கூடை, ஸ்கூல் பிள்ளைகள், எல்லாரும் கேட்மேனின் மூன்று தலைமுறையையும் திட்டிக்கொண்டு நிற்போம். எழில்மொழி மட்டும் கையில் காலண்டர் தாளை வைத்துக்கொண்டு கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். ஒரு வார்த்தையை உயிருள்ள ஓர் ஆளுக்குப் பொருத்திப் பார்த்தால்தான் அது மனசில் தங்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு.

காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் கெங்கம்மா, கேட்டு மூடினால் புலம்ப மாட்டாள். அங்கேயே கூடையை இறக்கி வியாபாரத்தை ஆரம்பித்துவிடுவாள். அவளுக்கு ‘ப்ராக்மாடிக்’. நடப்பது எதுவோ அதை வைத்துக் காரியம் பார்க்கிறவள் என்று அர்த்தம் சொன்னாள். ஆட்டோ இன்னாசி நின்ற இடத்தில் துணியை எடுத்து விளக்குக் கண்ணாடியின் ஓரத்தைக்கூட விடாமல் துடைப்பான். அவனுக்கு ‘மெட்டிக்யுலஸ்’, சின்னதைக்கூட விடாமல் பார்த்துச் செய்கிறவன். அவன் அந்த வார்த்தையை ஆட்டோ பின்னால் சிவப்பு பெயின்டில் எழுதி வைத்துக்கொண்டான். கேட்டவர்களிடமெல்லாம், அது எங்க சாதிப் பேர் இல்லை, என் குணம் என்று சொல்வானாம்.

அப்புறம் கேட்டடியில் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. எனுக்கு இன்னா வார்த்தை வெச்சிகீற என்று ஆளாளுக்கு வந்து கேட்பார்கள். அவள் உடனே கொடுக்க மாட்டாள். நாலு நாள் பார்ப்பாள், பிறகுதான் கொடுப்பாள். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டாள். வாழ்நாளில் சாதிப் பேரையும் பட்டப்பேரையும் தவிர வேறு பேர் கேட்காத ஜனம், தன் மனசுக்கு என்று தனியாக ஒரு வார்த்தை இருக்கிறது என்று தெரிந்ததும் நிமிர்ந்து நடந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். “நீ இன்னும் முழுசா தெரிலடி, இரு” என்பாள். கூடவே இருந்து ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவளைத் தெரியவில்லையாம். அப்போது கோபம் வந்தது. பொல்லாத கண் அவளுக்கு, சட்டையில் விட்ட தையலைக் கண்டுபிடிக்கிற கண்.

இரண்டாயிரத்து இரண்டில் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் படங்கள், ஓவியங்கள், போட்டோக்கள் கம்ப்யூட்டரில் வரும். ஒவ்வொன்றையும் பார்த்து, அதில் இருக்கிறவர் என்ன மனநிலையில் இருக்கிறார், படம் எந்த மாதிரி என்று இங்கிலீஷில் வார்த்தைகள் போட வேண்டும். அதுதான் வேலை. ஏதாவது ஒரு டிகிரி, இருபத்தைந்து வயதுக்குள். எழில்மொழிக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து முடிகிறது. இவளுக்காகவே ஒரு வேலையைச் செய்து அனுப்பினது போல இருந்தது. அசோகன் அதைக் கேட்டடி முழுக்கச் சொல்லிவிட்டார். இன்னாசி தன் ஆட்டோவில் இலவசமாகக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். நானும் விண்ணப்பம் போட்டேன். எனக்கு வீட்டில் நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை மாத்தூரில் கடை வைத்திருக்கிறவர், நல்ல வேலை இருந்தால் மட்டும் வேலைக்கு அனுப்புவார், செக்கிங்குக்கு அனுப்ப மாட்டார். வீட்டுக்குள் அடைந்து கிடக்க எனக்குப் பயம். இது சாக்கு என்று எனக்கே தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இன்டர்வியூ நடந்த இடத்தில் வெளி ஹாலில் ஒரு பெரிய ஓவியம் மாட்டியிருந்தது. ஜன்னல் பக்கத்தில் ஒரு பெண், முகம் பாதி தெரியும், மடியில் கை. நான் சர்டிபிகேட்டைப் பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். என் பயத்தைப் போக்குவதற்காக எழில்மொழி அந்தப் படத்தைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தாள். பார்த்தால் என்ன தோன்றுகிறது என்றாள். அழுமூஞ்சி என்றேன். இல்லை என்று தலையாட்டி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, இங்கிலீஷில் மெல்ல ஒரு வாக்கியம் சொன்னாள். ‘ஷி இஸ் நாட் மெலங்கலிக். ஷி இஸ் லுக்கிங் அட் ஹர் மெலங்கலி ஃப்ரம் எ டிஸ்டன்ஸ்.’ அவள் சோகமாக இல்லை, தன் சோகத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நன்றாக இருக்கே, எந்தப் புத்தகம் என்று கேட்டேன். இப்போதுதான் தோன்றியது என்று சொல்லிச் சிரித்தாள். நான்கு வருஷ வார்த்தைகளும் சேர்ந்து அன்றைக்குத்தான் முதல் முறையாக அவளுக்கே அவளுக்கென்று ஒன்றைக் கொடுத்திருந்தன.

என் நம்பர் முன்னால். உள்ளே போனேன். பேர், ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, வெளியே இருக்கிற ஓவியத்தைப் பார்த்தாயா, அதைப் பற்றிச் சொல் என்றார்கள். எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து வைத்தேன். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள், அந்தத் தாராளத்தோடு சொன்னேன். வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

அடுத்து எழில்மொழி போனாள். நான் வெளியே வரும்போது அவள் எழுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தாள், ஒரு விநாடி இருந்தது, கையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்து நிமிஷம் கழித்துப் பியூன் வந்து என்னை மறுபடியும் உள்ளே கூப்பிட்டார். எழில்மொழி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். விஷயம் இதுதான்: அவளும் அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். முன்னால் வந்த பெண் சொன்னதை வெளியே கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறாய், உன் சொந்த வார்த்தையில் சொல் என்று சொல்லியிருக்கிறார்கள். இது என் சொந்த வார்த்தைதான், அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார், அந்த வாக்கியம் நீயாக யோசித்ததா என்று.

“யெஸ் மேடம்” என்றேன்.

இரண்டே வார்த்தை. அகராதி வேண்டாம், காலண்டர் தாள் வேண்டாம். எழில்மொழி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேடத்துக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே போனாள். வேலை எனக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் வாயில் மண்ணைப் போட வேண்டும்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தோம். ராயபுரம் தாண்டும்வரை அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கொருக்குப்பேட்டையில் இறங்கினால் கேட்டு மூடியிருக்கிறது, மொத்தக் கூட்டமும் நிற்கிறது. அசோகனும் வேலை விட்டு வந்து நிற்கிறார். எனக்குக் கிடைத்துவிட்டது என்று நான்தான் சொல்லித் தொலைத்தேன். கெங்கம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பிறகு எழில்மொழியைப் பார்த்து, உனுக்கு இன்னா ஆச்சி கண்ணு என்றாள்.

“எனுக்கு வாயே வரலக்கா” என்றாள் எழில்மொழி.

அல்லா, அதை எப்படிப் பொறுத்துக்கொண்டு நின்றேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கேட்டடியே அறிந்த பொய் அது. வாய் வராதவளா அவள்? அசோகன் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவளை ஊர் முன்னால் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு வாக்கியம் போதும். அவளிடம் மூன்று கம்பி வார்த்தை இருந்தது. அதில் ஒன்றைக்கூட என்மேல் எறியவில்லை.

மறுநாளிலிருந்து கேட்டடியில் அவள் யாருக்கும் வார்த்தை கொடுக்கவில்லை. காலண்டர் தாளில் எழுதுவதையும் விட்டுவிட்டாளாம். அசோகன் பழக்கத்தில் கிழித்து நீட்டுவாராம், இவள் வாங்கிக் குப்பையில் போடுவாளாம். இன்னாசி வந்து சொன்னபோது நான் தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

நான் அந்தக் கம்பெனியில் நன்றாகவே பிழைத்தேன். நிக்காஹும் ஆனது, மாத்தூருக்குப் போனேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாதிரியாகக் காட்ட ஒரு தாளை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். முதல் வாக்கியமே அந்த மெலங்கலி வாக்கியம்தான், கீழே என் பேர். நாலு வருஷம் அதன் முன்னால் நின்று, ஒரு முகத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். த்தூ.

போன மாதம் அம்மாவைப் பார்க்க வந்தபோது கேட்டடியில் அவளைப் பார்த்தேன். அதே டிபன் பாக்ஸ், அதே செக்கிங் வேலை. கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது, அதனால் அவளால் போக முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். முதுகு போய்விட்டது, வீட்டில் இருக்கிறார் என்றாள். என் பிள்ளையைப் பற்றி விசாரித்தாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. ஐந்து வருஷமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன்.

“இப்ப முழுசா தெரிஞ்சிடுச்சில்ல. எனுக்கு ஒரு வார்த்தை சொல்லு மே. எவ்ளோ கேவலமான வார்த்தையா இருந்தாலும் சரி.”

முன்பு கூட்டத்தைப் பார்ப்பாளே, அப்படி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வண்டி நகர்ந்தது. கேட்மேன் கேட்டைத் தூக்கும் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார்.

“நைஸ்” என்றாள்.

கேட்டு திறந்தது. கூட்டத்தோடு சேர்ந்து அவள் தண்டவாளத்தைத் தாண்டி வேலைக்குப் போனாள்.