தூங்க விடாத கால்கள்

இது நடந்தது 2003-ம் வருடம். முடிச்சூர் பக்கம் புதிதாகப் போட்ட மனைகளுக்கு நடுவே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்கு மறைமலை நகரில் கம்பெனி வேலை. நான் குரோம்பேட்டையில் ஒரு சின்னப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். மூன்று வயது மகளையும் அங்கேயே சேர்த்திருந்தேன். காலையில் இருவரும் எலெக்ட்ரிக் டிரெயினில் போவோம், மதியம் பள்ளி விட்டதும் தாம்பரம் திரும்பிவிடுவோம்.

அந்த வருடம் எனக்குத் தூக்கமே போய்விட்டது. படுத்த கொஞ்ச நேரத்தில் கெண்டைக்காலுக்குள்ளே ஏதோ ஊர்வது போல இருக்கும். வலி இல்லை, அரிப்பும் இல்லை. எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். விடியும் நேரத்தில்தான் கண் அசரும். ஐந்தரைக்கு அலாரம் அடித்துவிடும்.

கால் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். ராத்திரி டி.வி. பார்ப்பதால்தான் என்றார் நாத்தனார். எதையும் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் ஒரு டாக்டர். உண்மையில் எனக்குப் பெரிய கவலை ஒன்றும் இல்லை. இன்றைக்கும் தூக்கம் வராதோ என்பதுதான் கவலை. பொழுது சாயும்போதே அது தொடங்கிவிடும். பகலில் கண்ணைத் திறந்து வைத்திருக்க, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் டீயாகக் குடித்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம். குரோம்பேட்டையில் செங்கல்பட்டு வண்டி கிடைத்தது. பெண்கள் பெட்டியில் உட்கார இடமும் இருந்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது நினைவிருக்கிறது. சானடோரியம் வந்ததுகூட நினைவில்லை.

கண் விழித்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வெட்டவெளி. தாம்பரம் எப்போதோ போய்விட்டது. மடியில் குழந்தை இல்லை.

திறந்து கிடந்த வாசலைத்தான் முதலில் பார்த்தேன். எழுந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தபோதுதான் அந்தப் பக்க வாசலோரம் தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தேன். மீன் விற்றுவிட்டு வீடு திரும்புகிறவள், பக்கத்தில் காலியான அன்னக்கூடை. என் வயதுதான் இருக்கும். ஒரு காலை வாசலுக்குக் குறுக்கே நீட்டி, என் மகளை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கண்ணாடி வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தாள் என் மகள்.

"பெருங்களத்தூர்ல வண்டி நிக்க சொல்ல இறங்கப் போச்சும்மா கொயந்த. உன்னிய தட்டித் தட்டிப் பார்த்தேன், நீ எந்திரிக்கவே இல்ல. இப்டியா தூங்குவே?"

மகளை வாங்கி அணைத்துக்கொண்டு அழுதேன். கூடுவாஞ்சேரியில் அவளே எங்களை இறக்கி, பெஞ்சில் உட்காரவைத்தாள். என்னையறியாமல் கைப்பையிலிருந்து ஒரு பிடி பச்சரிசியை எடுத்து வாயில் போட்டேன். சில மாதங்களாக எனக்கு அந்தப் பழக்கம் இருந்தது. யாருக்கும் தெரியாமல் மென்றுகொண்டே இருப்பேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சட்டென்று என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"வெளுத்துப் போய் கீதே. ராவுல கால் குடையுதா உனக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணவரிடம்கூடச் சொல்லாததை இவள் எப்படிக் கேட்கிறாள்? தலையை மட்டும் ஆட்டினேன்.

"எங்க அண்ணியும் இப்டித்தான் அரிசி துன்னுக்கினே இருந்துச்சு. ராவெல்லாம் காலை ஒதறிக்கினு நடக்கும். காத்து கருப்புன்னு மந்திரிக்கக் கூட்டினு போனோம். கடைசில பார்த்தா ஒடம்புல ரத்தமே இல்ல. போய் ரத்தம் டெஸ்ட் பண்ணு. கால் விசயத்த டாக்டராண்ட மறைக்காத."

தாம்பரம் போகும் வண்டி வரும்வரை கூடவே இருந்து, எங்களை ஏற்றிவிட்டாள். பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை வாசல் வரை போனதையும் மறைக்கவில்லை. அவர் திட்டவில்லை. "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை வேறு ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். இந்த முறை கால், அரிசி, ஒரு வருடமாக அதிகமாகியிருந்த மாதவிடாய் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழுதான் இருந்தது. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் சிலருக்குக் கால் இப்படிக் குடையும், அதுதான் தூங்க விடவில்லை என்றார். நான் குடித்துத் தள்ளிய டீ சாப்பாட்டிலுள்ள கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது, இருக்கிற தூக்கத்தையும் கெடுக்கும் என்றார். மாத்திரை கொடுத்தார், மாதவிடாய்க்கும் வைத்தியம் பார்த்தார். உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. இரண்டு மாதம் போல ஆனது, ஒரு நாள் ராத்திரி ஒருமுறைகூட எழாமல் அலாரம் அடித்துத்தான் விழித்தேன் என்பது காபி போடும்போதுதான் உறைத்தது.

அந்தப் பெண்ணைத் தேடி அதே நேரத்து வண்டியில் பல நாள் கூடுவாஞ்சேரி வரை போனேன். பார்க்க முடியவில்லை.

அதிலிருந்து யாராவது தூக்கம் வரவில்லை என்று சொன்னால், கவலைப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, உடம்புக்கு வேறு என்னென்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.